பனிச்சறுக்கு விடுமுறை: பணப்பைக்கு முன் முழங்கால்



சுவிற்சர்லாந்தில் இருக்கும் உங்கள் நானாவோ மகளோ, "பெப்ரவரியில் வாருங்கள், எல்லோருமாகப் பனிமலைக்குப் போவோம்" என்று அழைத்திருக்கிறார்களா? அங்குள்ள பாடசாலைகளுக்கு அந்த நாட்களில் 'விளையாட்டு விடுமுறை' உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிலக்கரியை மிச்சப்படுத்துவதற்காக வகுப்பறைகளைச் சூடாக்காமல் மூடினார்கள். அப்படித் தொடங்கிய லீவுதான் இன்று குடும்பங்கள் பனிச்சறுக்கப் போகும் காலமாகிவிட்டது.

அழைப்பு வந்ததும் நம்மில் பலருக்கு முதலில் தோன்றும் கேள்வி, "என்ன உடுப்பு வாங்குவது?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "என் முழங்கால் இதைத் தாங்குமா?" பனிச்சறுக்கில் அதிகம் அடிபடும் உறுப்புகளில் ஒன்று முழங்கால். அதன் உள்ளே இருக்கும் முன் குறுக்குத் தசைநார் கிழிவது ஆண்களை விடப் பெண்களுக்கே அதிகம். கிழிந்தால் பல மாதங்கள் வீடே முடங்கிவிடும். ஒரு வாரச் சந்தோஷத்துக்கு அது மிகப் பெரிய விலை அல்லவா?

இரண்டு மாதத்துக்கு முன்பே ஆரம்பியுங்கள்

சறுக்கும்போது முழங்காலைச் சற்று மடித்தபடியே நிற்க வேண்டும். அந்தப் பாரத்தைத் தொடைத் தசைகள்தான் தாங்குகின்றன. அவை களைத்துவிட்டால் பாரம் முழுவதும் முழங்காலில் விழுகிறது. எனவே ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே தொடைகளைப் பழக்க வேண்டும். இதற்குப் பயிற்சி நிலையம் தேவையில்லை, வீடே போதும்.

சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் இருப்பதுபோல் முழங்காலை மடித்து நில்லுங்கள். முதலில் 20 விநாடி போதும். மெல்ல மெல்ல ஒரு நிமிடத்துக்குக் கூட்டுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 10 தடவை எழுந்து இருங்கள். மாடிப்படியில் ஏறுவது மட்டுமல்ல, நிதானமாக இறங்குவதும் நல்ல பயிற்சியே. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். சமநிலை தானாக வரும். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் மூச்சும் பழகிவிடும்.

முழங்கால் வலி, இரத்த அழுத்தம், இருதய வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் பனியில் இறங்க வேண்டாம். சறுக்காமல் பனியில் நடந்து வருவதும் நல்ல விடுமுறைதான்.

வாங்குவது எது, வாடகைக்கு எடுப்பது எது?

முதன்முறை போகிறவர் சறுக்குப் பலகை, சப்பாத்து, ஊன்றுகோல், தலைக்கவசம் எதையுமே வாங்கத் தேவையில்லை. மலையடிவாரக் கடைகளில் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். வளரும் பிள்ளைகளுக்குப் பருவம் முழுவதற்கும் சேர்த்து வாடகைக்குத் தரும் கடைகளும் அங்கே உண்டு. வெளி உடுப்பான ஜக்கட்டையும் காற்சட்டையையும் உறவினரிடம் இரவல் கேளுங்கள். உள்ளுடுப்பு, காலுறை, கையுறை, பனிக்கண்ணாடி ஆகியவற்றை மட்டும் சொந்தமாக வாங்கினால் போதும். வெண்பனி வெயிலைத் திருப்பி அடிப்பதால் கண்ணாடியும் வெயில் கிறீமும் மேகமூட்ட நாளிலும் வேண்டும்.

உள்ளுடுப்பு பருத்தியாக இருக்கக் கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரச் செய்யும். கம்பளி அல்லது பொலியெஸ்டர் நல்லது. அதன் மேல் ஒரு கம்பளிச் சட்டை, அதற்கு மேல் காற்றும் நீரும் புகாத தளர்வான ஜக்கட்டும் காற்சட்டையும். உடம்பை நன்றாக மறைக்கும் இந்த உடை நமக்குப் பொருத்தமானதே. ஆனால் நீண்ட அபாயாவும் தொங்கும் சால்வையும் தொங்கு நாற்காலியிலும் இழுவைக் கம்பியிலும் சிக்கக்கூடும். தலைக்கு மெல்லிய, இழுபடும் துணியில் தைத்த, கழுத்தையும் மூடும் தலையுறை ஒன்றை அணியுங்கள். ஊசி குத்த வேண்டாம். அதை அணிந்தபடியே தலைக்கவசத்தை அளவு பாருங்கள்.

சப்பாத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். நேராக நிற்கும்போது விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடித்தால் விரல் சற்றுப் பின்வாங்க வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை போடாதீர்கள். இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் குளிரும். நீளமான மெல்லிய காலுறை ஒன்றே போதும். வலித்தால் மறுநாளே கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிறையையும் வயதையும் மறைக்காதீர்கள்

வாடகைக் கடையில் உங்கள் உயரம், நிறை, வயது, சறுக்கிய அனுபவம் எல்லாவற்றையும் கேட்பார்கள். பக்கத்தில் மச்சான் நிற்கிறார், மருமகன் நிற்கிறார் என்று நிறையில் பத்துக் கிலோவையும் வயதில் சில வருடங்களையும் குறைத்துச் சொல்லத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சப்பாத்தைப் பலகையோடு பூட்டும் பிடியை, விழும்போது கழன்றுவிடும்படி இந்த விபரங்களை வைத்துத்தான் முறுக்கி அமைக்கிறார்கள். நிறையைக் குறைத்துச் சொன்னால் பிடி தளர்ந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே பலகை கழன்றுவிடலாம். ஐம்பதைக் கடந்தவர் வயதை மறைத்தாலோ, புதியவர் அனுபவசாலி என்று சொன்னாலோ பிடி இறுகி, விழும்போது கழலாமல் காலைத் திருகிவிடலாம். சரியாக அமைத்த பிடியும் எல்லாக் காயத்தையும் தடுத்துவிடாது. பிழையாக அமைத்ததோ ஆபத்தையே கூட்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் வீட்டிலேயே நிறுத்துப் பார்த்து, ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள்.

செலவை எங்கே குறைப்பது?

பெரிய மலைகளில் வளர்ந்தவருக்கான ஒருநாள் அனுமதிச் சீட்டு 70 பிராங்கைத் தாண்டும். முதலிரு நாட்களுக்கு அது உங்களுக்குத் தேவையே இல்லை. அடிவாரத்துப் பயிற்சித் திடலில் குறைந்த கட்டணத்தில் பழகலாம். மிச்சமாகும் பணத்தைப் பயிற்சி ஆசிரியருக்குக் கொடுங்கள். மைத்துனரிடம் இலவசமாகக் கற்பது பல வேளைகளில் அழுகையில்தான் முடியும்!

காப்புறுதியில் மிச்சம் பிடிக்காதீர்கள். விசாவுக்காக நீங்கள் எடுக்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி பனிச்சறுக்கையும் உள்ளடக்குகிறதா என்று கேளுங்கள். பல காப்புறுதிகள் அதை விலக்கி வைத்திருக்கும். மலையிலிருந்து ஹெலிகொப்டரில் இறக்கும் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். அங்கே வான்வழி மீட்புச் சேவையான ரேகாவின் இலக்கம் 1414.

அங்கேயே குடியிருக்கும் உறவினருக்கும் ஒரு செய்தி. பாடசாலையின் கட்டாயப் பனி முகாமுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவை மட்டுமே அறவிடலாம், அதுவும் நாளொன்றுக்கு அதிகபட்சம் 16 பிராங்க் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. காசில்லை என்று பிள்ளையை மறித்து வைக்க வேண்டாம்.

சாப்பாடும் தொழுகையும்

மலையுணவகத்தில் பிரபலமான பாற்கட்டிக் குழம்பான 'ஃபொண்டியு'வில் வழமையாக வைனும் கிர்ஷ் என்ற மதுவும் சேர்ப்பார்கள். உருளைக்கிழங்கு ரோஸ்டியில் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கலாம். கேட்டுச் சாப்பிடுங்கள், அல்லது ரொட்டியும் முட்டையும் கட்டிக்கொண்டு போங்கள். பகற்சாப்பாட்டு இடைவேளையில் லுஹரைத் தொழுதுவிடலாம். 2026இலும் 2027இலும் நோன்பு பெப்ரவரியில் ஆரம்பிப்பதால் நாட்காட்டியைப் பார்த்துத் திகதியைத் தீர்மானியுங்கள்.

கடைசியாக ஒன்று. மாலையில் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று பிள்ளைகள் கையைப் பிடித்து இழுப்பார்கள். தொடை நடுங்குகிறதா? "உம்மாவுக்கு இன்றைக்குப் போதும்" என்று சொல்லிவிடுங்கள். களைத்த காலோடு இறங்கும் அந்தக் கடைசித் தடவைதான் ஆபத்தானது. பனி நாளைக்கும் இருக்கும். இன்ஷா அல்லாஹ், நீங்களும் போன கால்களோடேயே வீடு திரும்புவீர்கள்.