பழைய காரில் முதல் வேலை எது?

கல்முனைக்குடி போன்ற கடலோர ஊரிலே பழைய மொறிஸ் மைனர் காரைப் புதுப்பிக்க முனைவோர் பெரும்பாலும் வர்ணத்தையோ எஞ்சினையோ எண்ணியே தொடங்குவர். அது வீண் செலவு. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான இக்காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தகட்டாலான உடலே பாரத்தைத் தாங்குகிறது. ஆதலின் உப்புக்காற்று வளர்க்கும் கறள் இங்கே அழகுக் குறையன்று, உயிராபத்து.

காரை உயர்த்தி, உறுதியாக முட்டுக்கொடுத்து, கதவுகளின் அடிவிளிம்பு, முன்னிருக்கைகளின் கீழுள்ள குறுக்குச் சட்டம், பின்பக்க வில்லுத்தகடுகள் மாட்டிய இடம் ஆகியவற்றைத் திருப்புளியாற் குத்திப் பார்த்தல் வேண்டும். தகடு பொடிந்தால் அங்கேதான் வேலை ஆரம்பம். பழுதை வெட்டி ஒட்டும்போது கதவுகளைக் கழற்றலாகாது. உடல் கோணிற்றா என்பதைக் கதவின் இடைவெளியே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது முன்சக்கரம் திரும்பும் ஆணியின் மரை. கிறீஸ் இடாது அதைத் தேயவிட்டால், ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடும். எஞ்சின் காத்திருக்கலாம், அதற்கு உதிரிப்பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.