மே மாத லீவுல யார் தண்ணி ஊத்துவாங்க? பள்ளித் தோட்டத்துக்கு ஒரு காலண்டர்

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம் பக்கம் பள்ளித் தோட்டங்கள் ஜூனில் உற்சாகமாகத் தொடங்கும். மே மாதத்தில் காய்ந்துபோகும். காரணம் எளிது: கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. ஆகவே, திட்டத்தை ஜூனிலிருந்து அல்ல, மே மாதத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

இடம் இல்லையே?

பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான மத்திய அரசின் 2019 வழிகாட்டுதல், பழைய டின், மரப்பெட்டியில்கூட வளர்க்கலாம் என்கிறது. மொட்டை மாடி என்றால் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். ஈர மண்ணின் கனம் அதிகம். தேங்காய் நார்க்கழிவு கலந்த பைகள் லேசானவை.

எப்போது, எதை விதைப்பது?

*ஆடி:* வெண்டை, கொத்தவரை. வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். பெருமழைக்குள் பெரும்பாலும் பறித்துவிடலாம்.

*அக்டோபர் – டிசம்பர்:* வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியதை மறக்க முடியாது. தாழ்வான இடத்தில் ஓர் அடி உயர மேட்டுப்பாத்தி அவசியம். கத்தரி, தக்காளி நாற்றுகளை மழை படாத தட்டுகளில் வளர்க்கலாம்.

*தை:* நாற்று நடவு. கூடவே சிறுகீரை, தண்டுக்கீரை. கீரை ஒரு மாதத்தில் தயார்.

*ஏப்ரல்:* கடைசி அறுவடை. பாத்தியைச் சருகால் மூடிவிடுங்கள். கோடையைத் தாங்க வேரூன்றிய முருங்கையும் கறிவேப்பிலையும் போதும். முருங்கைக் கிளை சட்டென முறியும். வகுப்பறையை ஒட்டி நட வேண்டாம்.

தண்ணீருக்கு என்ன வழி?

300 பிள்ளைகள் சாப்பிடும் முன் கை கழுவ, தலைக்கு அரை லிட்டர் என்றாலும் தினம் 150 லிட்டர். சோப்பு அதிகம் கலக்காவிட்டால் அதை வாழை, பப்பாளிக்குத் திருப்பலாம். கீரைக்கு நல்ல தண்ணீர்தான். டிரம்மை மூடியே வையுங்கள், இல்லாவிட்டால் கொசுப் பண்ணைதான்.

யார் பொறுப்பு?

ஒரே ஆசிரியர் தலையில் கட்டினால், அவர் மாறுதலானதும் தோட்டமும் போய்விடும். வகுப்புக்கு ஒரு பாத்தி, வாரத்துக்கு ஒரு குழு, சுவரில் முறைப்பட்டியல். விடுமுறைக்குக் காவலாளியிடமோ பக்கத்து வீட்டுப் பெற்றோரிடமோ மார்ச்சிலேயே பேசி வையுங்கள்.

சத்துணவுக்குப் போதுமா?

முழுப் பள்ளிக்கும் போதாது. ஆனால், தான் விதைத்த கீரை சாம்பாரில் வந்தால், ‘கீரையா, வேணாம்’ என்கிற பிள்ளையும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கும்.