கவிதையை எரித்தவர், காலால் நடந்தவர்: 'பூமிதான இடம்' என்றால் என்ன தெரியுமா?

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்திலேயே சின்னாளப்பட்டி வந்துவிடும். சுங்குடிச் சேலைக்கும் செயற்கைப் பட்டுக்கும் பேர்போன ஊர். பக்கத்திலேயே காந்திகிராமம். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊர்ப்பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர். அப்படி இடம் பார்க்கக் கிளம்பினால் எப்போதாவது ஒரு வார்த்தை காதில் விழும்: "அது பூமிதான இடம் சார், நமக்கு வேண்டாம்."

யார் கொடுத்த தானம்? யாருக்குக் கொடுத்தது? ஏன் வேண்டாம் என்கிறார்கள்? இந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், கையில் காசே தொடாமல் 13 வருஷம் இந்தியா முழுக்க நடந்த ஒரு மனிதரிடம் போய் நிற்போம். அவர் வினோபா பாவே. பள்ளிப் புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்துபோன பெயர்.

*சான்றிதழை அடுப்பில் போட்ட மாணவர்*

வினாயக் நரஹரி பாவே 1895 செப்டம்பர் 11 அன்று மகாராஷ்டிரத்தின் ககோதே கிராமத்தில் பிறந்தவர். கணக்கில் கெட்டி. அதைவிடக் கவிதையில் பித்து. ஒரு கவிதையை எழுதி, அடித்து, திருத்தி, இதுதான் சரி என்று மனசுக்குத் திருப்தி வந்த பிறகு அதை எடுத்து நெருப்பில் போட்டுவிடுவார். ஊருக்குக் காட்டுவதற்காக எழுதவில்லை. திருப்தி கிடைத்ததும் அந்தக் காகிதத்துக்கு வேலை முடிந்துவிட்டது. பின்னால் காசியில் இருந்தபோது, எழுதியவற்றைக் கங்கையில் விட்டார். எழுதிய நாலு வரியை உடனே ஸ்டேட்டஸில் போட்டுப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கிறுக்குத்தனமாகத்தான் தெரியும்.

கவிதை மட்டும் எரியவில்லை. ஒருநாள் தன் பள்ளிச் சான்றிதழ்களையும் அம்மாவின் அடுப்பிலேயே போட்டார். இனி வேலைக்குப் போகப் போவதில்லை, இது எதற்கு என்பது அவர் கணக்கு. 1916 மார்ச்சில் இன்டர்மீடியட் தேர்வு எழுத பம்பாய்க்கு ரயில் ஏறியவர், பாதி வழியில் சூரத்தில் இறங்கி, காசிக்கு வண்டி மாறிவிட்டார். அங்கேதான் இந்து பல்கலைக்கழகத்தில் காந்தி பேசிய பேச்சைப் பற்றிப் படித்தார். கடிதம் எழுதினார். ஜூன் 7 அன்று அகமதாபாத்தில் நேரில் போய்ப் பார்த்தார். அதன்பின் வீட்டு வாழ்க்கைக்குத் திரும்பவில்லை.

எரிக்காமல் விட்டது ஒன்று உண்டு. சமஸ்கிருதம் தெரியாத அம்மாவுக்குக் கீதையைப் படிக்க ஆசை. அவருக்குப் புரிகிற மாதிரி மராத்தியில் பாட்டாகவே பெயர்க்க வேண்டும் என்று மகனுக்கு ஓர் எண்ணம் இருந்துகொண்டே இருந்தது. 1930-31ல் அதை எழுதி முடித்தார். பெயர் 'கீதாய்', கீதை என்னும் தாய். ஆனால் அதைப் படிக்க அந்த அம்மா அப்போது உயிரோடு இல்லை. அடுத்த வருஷம் துலியா சிறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கைதிகளுக்கு அவர் கீதை பற்றிப் பேசியதைச் சக கைதியான எழுத்தாளர் சானே குருஜி குறிப்பெடுத்தார். அதுதான் பல மொழிகளுக்குப் போன 'கீதைப் பேருரைகள்'. தமிழ்நாட்டோடு அவருக்கு முதல் உறவும் சிறை வழியாகத்தான்: 1942 போராட்டத்தில் கைதாகி வேலூர்ச் சிறையில் இருந்தபோது தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கையும் சேர்த்தே படித்தார்.

*நடக்க ஆரம்பித்தது எப்படி?*

1951 ஏப்ரல் 18. தெலங்கானாவில் நிலத்துக்காக ரத்தம் சிந்திக்கொண்டிருந்த நேரம். ஒரு பக்கம் ஆயுதம் ஏந்திய விவசாயிகள், மறுபக்கம் ஜமீன்தார்களும் போலீஸும். வினோபா நடந்தே போச்சம்பள்ளி கிராமத்துக்குப் போனார். அங்கே சேரி மக்கள், பிழைப்பு நடத்த 80 ஏக்கர் இருந்தால் போதும் என்றார்கள். அரசாங்கத்துக்கு மனு போட்டுத் தருகிறேன் என்று சொல்வதுதான் வழக்கமான பதில். வினோபா ஊர்க்காரர்களைப் பார்த்து, உங்களில் யாராவது கொடுக்க முடியுமா என்று கேட்டார். வேதிரே ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்றார். அன்றிரவு வினோபாவுக்குத் தூக்கமில்லை. ஓர் ஊரில் கேட்டுக் கிடைத்தால், நாடு முழுக்கக் கேட்டால் என்ன?

அவர் சொன்ன தத்துவம் ரொம்ப எளிமையானது. காற்று, தண்ணீர், வெயில் மாதிரி நிலமும் யாரும் உற்பத்தி பண்ணியது இல்லை. அதனால் அதற்கு முதலாளி என்று ஒருவர் இருக்க முடியாது. இதை மேடையில் சொல்வது சுலபம், பத்து ஏக்கர் வைத்திருப்பவரிடம் போய்ச் சொல்வது கஷ்டம். அதற்கு அவர் குடும்பக் கணக்கு ஒன்று வைத்திருந்தார். உங்களுக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் என்னை ஆறாவது பிள்ளையாக நினைத்து, என் பங்கை ஏழைக்குக் கொடுத்துவிடுங்கள் என்பார். பாகப் பிரிவினை என்றாலே வெட்டுக்குத்து நடக்கிற நாட்டில் இப்படி ஒரு வாதம்!

வீட்டை விட்டு நடந்துபோன ஞானி நமக்குப் புதுசில்லை. பட்டினத்தார் செல்வத்தை விட்டுப் போனார், தாயுமானவர் அரண்மனைக் கணக்கு வேலையை விட்டுப் போனார். உலகத்திலும் உண்டு. 18-ம் நூற்றாண்டு உக்ரைனில் கிரிகோரி ஸ்கோவொரோதா என்ற தத்துவக் கவிஞர் ஆசிரியர் வேலையை விட்டு, கடைசி 25 வருஷம் ஊர் ஊராக நடந்தே வாழ்ந்தார். 1794ல் இறந்த அவரது நினைவு அருங்காட்சியகத்தை 2022 மே மாதம் ரஷ்ய ஏவுகணை நாசமாக்கியது. இவர்கள் எல்லாம் உலகத்திடமிருந்து விலகி நடந்தவர்கள். வினோபா நடந்தது உலகத்தின் வாசற்படி ஏறி, எனக்கு வேண்டியதைக் கொடு என்று கேட்பதற்கு.

*பழனியில் நடந்தது*

1956 மே மாதம் காஞ்சிபுரம் சர்வோதய மாநாடு. அதிலிருந்து 1957 ஏப்ரல் வரை தமிழ்நாட்டில் நடந்தார். அன்றைக்குத் திண்டுக்கல் தனி மாவட்டம் இல்லை. 1985 வரை இது மதுரை மாவட்டம்தான். விடியலுக்கு வெகு முன்னாலேயே எழுந்து இருட்டில் நடை, அடுத்த ஊர், சாயங்காலம் பிரார்த்தனைக் கூட்டம், மறுநாள் திரும்ப நடை. வயிற்றுப்புண் காரணமாகச் சாப்பாடு பெரும்பாலும் தயிரும் பாலும் தேனும்தான். வயசு அறுபதைத் தாண்டிவிட்டது.

தனி நிலதானத்திலிருந்து இயக்கம் அப்போது 'கிராமதான'த்துக்கு நகர்ந்திருந்தது. ஊரே சேர்ந்து நில உரிமையைக் கிராமத்தின் பெயரில் எழுதி வைப்பது என்று அர்த்தம். பக்கத்து மண்ணிலேயே பிறந்த கிருஷ்ணம்மாளும் அவரது கணவர் எஸ். ஜெகந்நாதனும் இதில் முழுநேரமாக இறங்கியிருந்தார்கள். ஜெகந்நாதன் அதற்கு முன்பே வடக்கே போய் வினோபாவோடு நடந்துவிட்டு வந்தவர்.

இந்தக் கதையின் முக்கியமான திருப்பம் 1956 நவம்பரில், பழனியில். போகர் பேர் சொல்லும் அந்த ஊரில் சர்வ சேவா சங்கம் கூடியது. அதுவரை மாநிலம், மாவட்டம் தோறும் பூமிதானக் கமிட்டிகள் இருந்தன. காந்தி நினைவு நிதியிலிருந்து பணம் வந்தது. ஊழியர்களுக்கு அலவன்ஸ் இருந்தது. எல்லாவற்றையும் கலைத்துவிடலாம் என்று முடிவானது. கமிட்டி வேண்டாம், நிதி வேண்டாம், இனி இது மக்களின் வேலை, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். இயக்கம் உச்சத்தில் இருக்கும்போது தன் அமைப்பைத் தானே கலைத்த தலைவரை அரசியலில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கவிதையை நெருப்பில் போட்ட அதே கைதான் இது. ஆனால் கவிதை எரிந்தால் நஷ்டம் அவருக்கு மட்டும். இங்கே நஷ்டம் வேறு ஆட்களுக்கு. தானம் கொடுத்த பலர் சாயங்காலக் கூட்டத்தின் உணர்ச்சியில் தானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சர்வே எண் சரியா? நாலு எல்லை என்ன? அண்ணன் தம்பி சம்மதம் உண்டா? அடமானத்தில் இருக்கிறதா? அதையெல்லாம் நின்று பார்த்து, அளந்து, ஏழையின் பெயருக்கு மாற்றிக் கொடுக்க ஆள் வேண்டும், பஸ் சார்ஜ் வேண்டும், ஓர் அலுவலகம் வேண்டும். கமிட்டிகள் போனதும் பல இடங்களில் வேலை அப்படியே நின்றது.

தமிழ்நாட்டில் பூமிதான யக்ஞச் சட்டம் வந்தது 1958ல், வினோபா கேரளத்துக்குள் போய் ஒரு வருஷம் கழித்து. தானமாக வந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியமும் அமைந்தது.

நாடு முழுக்கக் கணக்குப் போட்டால், 1957க்குள் 5 கோடி ஏக்கர் என்பது இலக்கு. கடைசியில் சேர்ந்தது 47 லட்சம் ஏக்கர் அளவுக்கு. அதில் ஏழைகள் கைக்குப் போனது கிட்டத்தட்ட பாதி. மீதியில் பாறையும் முள்ளும் உண்டு, வழக்கில் கிடந்த நிலமும் உண்டு, அப்பா கொடுத்ததைப் பிள்ளைகள் திரும்பப் பிடித்துக்கொண்டதும் உண்டு. தோல்வி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் துப்பாக்கியோ சட்டமோ இல்லாமல், வெறும் வாயால் கேட்டே இருபது லட்சம் ஏக்கருக்கு மேல் நிலமில்லாதவர்களிடம் போயிருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

*குருவும் சீடர்களும் பிரிந்த இடம்*

1975ல் நெருக்கடி நிலை வந்தபோது வினோபா ஒரு வருஷ மௌன விரதத்தில் இருந்தார். அந்தச் சமயத்தில் 'அனுசாசன பர்வம்', அதாவது ஒழுங்கின் காலம் என்று அவர் எழுதிக் காட்டியதை அரசு விளம்பரமாக்கிக்கொண்டது. 'சர்க்கார் சாமியார்' என்ற கேலி அப்போது ஒட்டியது, இன்றும் முழுசாகப் போகவில்லை. அதன் அர்த்தம் வேறு என்று பின்னால் விளக்கம் வந்தது. சேதாரம் அதற்குள் நடந்துவிட்டது. ஜெகந்நாதன் மாதிரி பலர் ஜெயப்பிரகாஷ் நாராயண் பக்கம் போனார்கள். ஒரு காலத்தில் வினோபாவின் இயக்கத்துக்குத் தன் வாழ்க்கையையே தானமாக அறிவித்தவர்தான் ஜெயப்பிரகாஷ்.

ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் நிலத்தை விடவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு கீழத் தஞ்சைக்கே போய்விட்டார்கள். 1981ல் 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இதன் வழிமுறையைக் கவனித்தால் பழனியில் விட்ட இடம் தெரியும். நிலக்காரரிடம் பேசி, விலை முடித்து, வங்கிக் கடன் வாங்கி, நிலமில்லாத குடும்பத்துப் பெண்ணின் பெயரில் பத்திரப் பதிவு செய்து கொடுப்பது. தானம் கேட்ட இடத்தில் இப்போது பத்திரம். இருவருக்கும் லாஃப்டிக்கும் சேர்த்து 2008ல் 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது. ஜெகந்நாதன் 2013 பிப்ரவரி 12 அன்று, 98 வயதில், காந்திகிராமத்தில் காலமானார். 2020ல் கிருஷ்ணம்மாளுக்கு பத்மபூஷண்.

வினோபா 1982 நவம்பரில் உடம்பு முடியாமல் போனதும் சாப்பாடு, மருந்து, தண்ணீர் மூன்றையும் நிறுத்திவிட்டார். 15-ம் தேதி பவனார் ஆசிரமத்தில் உயிர் பிரிந்தது. அடுத்த வருஷம் பாரத ரத்னா.

*சரி, மனை விஷயத்துக்கு வருவோம்*

பூமிதான நிலம் பெற்றவர் அதில் உழுது பிழைக்கலாம், அவர் வாரிசுகளும் அனுபவிக்கலாம். ஆனால் சாதாரணப் பட்டா நிலம் மாதிரி அதை விற்க முடியாது. ஏழைக்குக் கொடுத்த நிலம் நாலு வருஷத்தில் திரும்பவும் பணக்காரர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் காரணம். ரோடு அகலமாகி, சென்ட் விலை ஏறியதும் இந்த நிலங்கள் மேல் எல்லோருக்கும் கண். விவரம் தெரியாமல் வாங்கினால் பணம் போட்டவருக்குச் சிக்கல், கைமாற்றிக் கொடுத்த ஏழைக் குடும்பத்துக்கும் சிக்கல்.

வில்லங்கச் சான்றிதழ் மட்டும் பார்த்து முடிவு பண்ண வேண்டாம். பதிவே ஆகாத பழைய தானம் அதில் தெரியாமல் போகலாம். தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டாவும் அ-பதிவேடும் போனிலேயே பார்க்கலாம். அதில் பூமிதான வாரியத்தின் பெயர் இருந்தாலோ, ஊர்ப் பெரியவர்கள் யாராவது 'அது வினோபா நிலம்' என்று சொன்னாலோ, முன்பணத்தை எடுப்பதற்கு முன் தாலுகா ஆபீஸில் போய்க் கேட்டுவிடுங்கள்.