அழாத பிள்ளைக்குப் பயமே இல்லையா?

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் எல்.கே.ஜி. வகுப்பை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு குட்டி, அம்மாவின் சேலையை விடவே விடாது. இன்னொன்று ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். ஏன் இந்த வித்தியாசம் என்று யோசித்தீர்களா? யோசித்திருந்தால், சபாஷ்!

மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியல் அறிஞர் இதை ஆராய்ந்தார். 1950களில் உகாண்டா நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்த் தாய்மாரையும் குழந்தைகளையும் கவனித்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு சோதனை செய்தார்.

ஓர் அறை. நிறைய பொம்மைகள். ஒரு வயதுக் குழந்தையும் அம்மாவும் இருக்கிறார்கள். முன்பின் தெரியாத பெண் ஒருவர் உள்ளே வருகிறார். அம்மா வெளியே போகிறார். மூன்று நிமிடத்துக்குள் திரும்பி வந்துவிடுகிறார். அப்போது குழந்தை என்ன செய்கிறது? அதுதான் முக்கியம்.

சில குழந்தைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டன. அழுகை நின்றது. மறுபடி விளையாடப் போய்விட்டன. சில குழந்தைகள் தூக்கினாலும் சமாதானம் ஆகவில்லை. அம்மாவைப் பிடித்துக்கொண்டே கோபமாகத் தள்ளின. இன்னும் சில அழவே இல்லை. திரும்பி வந்த அம்மாவையும் கண்டுகொள்ளவில்லை.

இப்போது சொல்லுங்கள், யாருக்குப் பயம் இல்லை? "அழாத குழந்தைக்கு!" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். அழாத குழந்தைக்கும் நெஞ்சு படபடவென்று அடித்தது!

அப்படியென்றால் ஏன் அழவில்லை? அழும்போதெல்லாம் "சும்மா இரு" என்று ஒதுக்கப்பட்ட குழந்தை, பயத்தை மறைக்கக் கற்றுக்கொள்கிறது. சில நேரம் தூக்கி, சில நேரம் விட்டுவிட்டால்? குழந்தை இன்னும் சத்தமாக அழப் பழகுகிறது. கூப்பிட்டால் ஆள் வரும் என்று நம்பும் குழந்தையோ சீக்கிரம் தேறிவிடுகிறது. எல்லாக் குழந்தைக்கும் இதுவே காரணம் என்று சொல்ல முடியாது. பிறவிக் குணத்துக்கும் பங்கு உண்டு.

நீங்கள் சைக்கிள் பழகியபோது அப்பா பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டாரே, நினைவிருக்கிறதா? கொஞ்ச நாளில் அவர் கையை எடுத்ததுகூடத் தெரியாமல் ஓட்டினீர்கள். மனமும் அப்படித்தான். முதலில் பெரியவர்கள் நம்மைச் சமாதானப்படுத்துகிறார்கள். பிறகு அதை நாமே செய்யப் பழகுகிறோம்.

"தூக்கித் தூக்கிப் பழக்காதே, அழுதுகொண்டே இருக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? எய்ன்ஸ்வொர்த் குழு பார்த்தது நேர்மாறு. அழுதவுடன் கவனிக்கப்பட்ட குழந்தைகள், ஒரு வயது ஆகும்போது குறைவாகவே அழுதன.

பயத்தை மறைக்கும், சத்தமாக அழும் இந்தப் பழக்கங்கள் தலையெழுத்தும் அல்ல. பாட்டியோ, டீச்சரோ, அன்பான ஒருவர் துணைக்கு நின்றால் மாறக்கூடியவை.

ஆகவே, கெட்டிக்காரப் பிள்ளைகளே, பரீட்சை நாளில் வயிற்றைக் கலக்கினால் மறைக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். அழுகிறவனை "அழுமூஞ்சி" என்று கேலி செய்யாதீர்கள். அழாமல் ஒதுங்கி நிற்கிறவனிடமும் போய், "என்னடா ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.