பாம்பன்: கடல் தின்றது இரும்பைத்தான்

1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது நாம் அறிந்த கதை. அதே புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் 126 இரும்பு கர்டர்கள் கடலுக்குள் போயின. அவற்றைத் தாங்கிய கான்கிரீட் தூண்கள் பெரும்பாலும் நின்றன. மூழ்கிய கர்டர்களைத் தேடி எடுத்து 46 நாட்களில் ரயிலை ஓடவிட்டார் பொறியாளர் ஸ்ரீதரன். அந்தச் சாதனையில் தூண்களுக்கும் பங்கு உண்டு.

2,065 மீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டது 1914 பிப்ரவரி 24-ல். போர்பந்தர் ஆலை சிமெண்டு உற்பத்தியைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கான்கிரீட் இங்கே புதுச்சரக்காக இருந்த காலம் அது.

உப்புக்காற்றில் கான்கிரீட்டுக்கு முதல் எதிரி, உள்ளே இருக்கும் கம்பிதான். சிமெண்டு இறுகும்போது உண்டாகும் காரத்தன்மையில் கம்பிமேல் மெல்லிய படலம் படர்ந்து துருவைத் தடுக்கிறது. கடல்நீரின் குளோரைடு நுண்துளைகள் வழியே ஊறிப்போய் அந்தப் படலத்தை உடைக்கிறது. துருவுக்கு இரும்பைவிட இரு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். இடம் போதாமல் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது.

பாலத்தூணில் விழும் பாரமோ பெரும்பாலும் கீழ்நோக்கி அழுத்துவது. அழுத்தத்தைத் தாங்கக் கான்கிரீட்டுக்குக் கம்பியின் துணை அதிகம் தேவையில்லை. ஹாரி பாட்டர் படங்களில் ரயில் வளைந்து செல்லுமே, அந்த ஸ்காட்லாந்துப் பாலம் (க்ளென்ஃபினன், 1901) கம்பியே இல்லாத கான்கிரீட். 21 வளைவுகள், இன்றும் ரயில் ஓடுகிறது. ‘அந்தக் காலத்து வேலையே தனி’ என்று பெருமூச்சு விட வேண்டாம். சிக்கனம் பார்க்காமல் பருமனாகக் கட்டினார்கள், அவ்வளவுதான்.

மீட்டர் கேஜுக்காகக் கட்டிய பாம்பன் பாலம் 2007 முதல் அகலப்பாதை ரயில்களையும் சுமந்தது. 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்த வைத்தது கப்பல்களுக்கு வழிவிடத் திறக்கும், இரும்பாலான தூக்குப்பாலத்தின் பழுது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் உப்புக்காற்றைத் தாங்கத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டு, இரும்புப் பாகங்களுக்குப் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள்.

மண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ வீடு கட்டுகிறீர்களா? கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவே கடலோரக் கட்டடத்தில் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 456. அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கக் கொத்தனார் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக்கை எடுத்தால் உடனே தடுத்துவிடுங்கள்.