தை மாதத்து வரவும் மாதாமாதம் டியூவும்

தஞ்சாவூர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம் வண்டி வாங்குவதைப் பற்றிப் பேச்செடுத்தால், கூடவே மேட்டூர் அணையைப் பற்றிய பேச்சும் வரும். ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தால் குறுவை நிச்சயம். தள்ளிப்போனால், ஆழ்குழாய்க் கிணறு இல்லாதவருக்குச் சம்பா ஒன்றுதான் வருமானம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2019-ல் ஆகஸ்ட் 13-ல்தான் திறந்தார்கள். அதற்கு முந்தைய நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது.

நாடு முழுவதும் வாகனச் சந்தை படுத்ததும் அதே காலத்தில்தான். 2018-19-ல் 2.1 கோடிக்கு மேல் விற்ற இரு சக்கர வாகனங்கள் மறு ஆண்டில் சுமார் 1.74 கோடியாகக் குறைந்தன. கொரோனாவுக்குப் பின் 2021-22-ல் இன்னும் இறங்கி 1.35 கோடி அளவில் நின்றன.

விற்பனை விழுந்தால் விலையும் இறங்க வேண்டும். இங்கே ஏறியது. 2018 செப்டம்பர் முதல் புது வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாகக் கட்ட வேண்டியதாயிற்று. 2019 ஏப்ரலில் ஏபிஎஸ், சிபிஎஸ் பிரேக்குகள் கட்டாயமாயின. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தது. கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். எல்லாமே உயிரையும் காற்றையும் காக்கும் ஏற்பாடுகள்தான். ஆனால் ஜனங்கள் கையில் காசில்லாத நேரத்தில் அடுத்தடுத்து வந்து விழுந்தன. 2018-ல் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் கவிழ்ந்த பிறகு, மற்ற நிதி நிறுவனங்களும் கடன் கொடுக்கக் கையை இறுக்கிக்கொண்டன.

நிலைமை சரியாகட்டும் என்று நகரத்துக்காரர் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். டெல்டாவில் அது சுலபமில்லை. வெண்ணாற்றங்கரையில் காலை நேரத்தில் நின்று பாருங்கள்: டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்பலகையில் 45 கிலோ யூரியா மூட்டை, அதன் இருபுறமும் கால்களை அகட்டி வைத்து ஓட்டுபவர், பின்னால் கயிற்றில் கட்டிய மருந்து தெளிப்பான். ஓசூரில் 1980-ல் டிவிஎஸ் 50 ஆகத் தொடங்கிய அந்த வண்டி வயல் வேலைக்கு மண்வெட்டியைப் போல ஒரு கருவி.

அதனால் மந்த காலத்திலும் வாங்கத்தான் செய்கிறார்கள், பெரும்பாலும் ஃபைனான்ஸில். சிக்கல் அங்கேதான். 80,000 ரூபாய்க் கடனுக்கு ஷோரூமில் 12 சதவீதம் என்பார்கள். அது முழுக் கடனுக்கும் கடைசிவரை போடும் ஃபிளாட் வட்டியானால் மூன்று ஆண்டுக்கு வட்டி 28,800, மாத டியூ சுமார் 3,022. அதே 12 சதவீதத்தைக் குறைந்துவரும் நிலுவைக்குப் போட்டால் வட்டி ஏறக்குறைய 15,650 தான். அதாவது முதல் கணக்கின் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தொடுகிறது. நெல்லாக வைத்துப் பார்ப்போம். 2025-26 பருவத்தில் அரசு கொள்முதல் நிலையத்தில் சன்னரகம் குவிண்டால் 2,545 ரூபாய்; 40 கிலோ சிப்பம் 1,018 ரூபாய். மாதாமாதம் மூன்று சிப்பம் அந்த டியூவுக்கே போய்விடும்.

ஆனால் நெல் மாதாமாதம் விளைவதில்லை. சம்பாப் பணம் தை, மாசியில்தான் கைக்கு வரும். ஷோரூம் சலுகைகளோ ஆயுத பூஜை, தீபாவளிக்கு வரும். நடவுக்கும் உரத்துக்கும் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு நிற்கும் நேரம் அது. அப்போது முன்பணத்தைக் குறைத்துக் கடனைக் கூட்டி எடுப்பவர்தான் கார்த்திகை, மார்கழி டியூவில் தடுமாறுகிறார். என் யோசனை, அவசரமில்லையென்றால் தை வரை பொறுப்பது. பெரிய தொகையை முன்பணமாகக் கட்டினால் மாத டியூ இறங்கிவிடும். முந்தைய ஆண்டுத் தயாரிப்பு வண்டிகளைத் தள்ளுபடியில் கேட்டுப் பார்க்கவும் அதுவே நல்ல நேரம். பின்னால் விற்கும்போது அந்த ஓராண்டு கழியும் என்பதையும் சேர்த்துப் பேரம் பேச வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது ஓர் ஆறுதல்.

கையெழுத்துப் போடும் முன் ‘முக்கிய விவரத் தாளை’க் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த உண்மையான ஆண்டு வட்டி அதில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். வீட்டில் கலந்து பேச குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு.

பழைய வண்டி வாங்குவோர் ஆர்.சி. புத்தகத்தில் ஃபைனான்ஸ் பதிவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால், நிதி நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். விற்றவரின் டியூ பாக்கிக்காக வாங்கியவரின் வாசலிலிருந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம்.