லேபிளை மறைத்தால் நாக்கு என்ன சொல்லும்?

1976 மே 24. பாரிஸ் இன்டர்கான்டினென்டல் ஹோட்டலில் ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள். உணவக முதலாளி, சமையல் மேதை, ஒயின் பத்திரிகை ஆசிரியர் என்று எல்லோரும் அந்தத் துறையின் பெரும்புள்ளிகள். எதிரே பத்துச் சிவப்பு ஒயின்கள்: பிரான்ஸின் போர்தோவிலிருந்து நான்கு, கலிபோர்னியாவிலிருந்து ஆறு. எந்தக் கோப்பையில் எது என்று தெரியாமலே, ஒவ்வொன்றுக்கும் 20க்கு மதிப்பெண் போட வேண்டும்.

பாரிஸில் ஒயின் கடை நடத்திய ஆங்கிலேயர் ஸ்டீவன் ஸ்பரியரின் ஏற்பாடு இது. பிரான்ஸ்தான் ஜெயிக்கும் என்று தெரிந்த போட்டிக்கு எதற்குப் போக வேண்டும் என்று நிருபர்கள் வரவில்லை. வந்த ஒரே ஒருவர், ‘டைம்’ இதழின் ஜார்ஜ் டேபர்.

ஜெயித்தது கலிபோர்னியாவின் ஸ்டேக்ஸ் லீப் 1973. போர்தோவின் மூட்டான் ரோத்ஸ்சைல்ட் 1970 மொத்தத்தில் ஒன்றரை மதிப்பெண் வித்தியாசத்தில் இரண்டாமிடத்துக்குப் போனது. நடுவர் ஓடெட் கான் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார். கிடைக்கவில்லை.

‘எங்கள் ஒயின் முதிர முதிரத்தான் பேசும்’ என்று சமாதானம் சொன்னார்கள் பிரெஞ்சுக்காரர்கள். 30 ஆண்டு கழித்து, 2006இல், அதே ஒயின்களை மறுபடி சுவைத்தார்கள். முதலிடம் ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971க்கு. முதல் ஐந்து இடங்களுமே கலிபோர்னியாவுக்கு!

லேபிள் மட்டுமல்ல, நிறமும் ஏமாற்றும். 2001இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஃபிரடெரிக் புரோஷே, வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து, ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் கொடுத்தார். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளாலேயே அவர்கள் அதை வர்ணித்தார்கள்.

லேபிளை மறைத்துச் சுவைக்கும் இந்த விளையாட்டை நண்பர்கள் கூடியும் ஆடலாம். ஆளுக்கொரு பாட்டில், எல்லாம் ஒரே திராட்சை வகையாக இருந்தால் ஒப்பிடுவது எளிது. கழுத்துத் தகட்டை முழுசாக உரித்துவிட்டு, காகிதப் பையில் சுற்றி எண் போட வேண்டும். சுற்றியவர் ஊற்றக் கூடாது. 750 மில்லி பாட்டிலில் ஆளுக்கு 50 மில்லி என்றால் 15 பேருக்கு வரும். துப்புவதற்கு ஒரு பாத்திரம், வாய் கழுவத் தண்ணீர், உப்பில்லாத ரொட்டி, இவ்வளவு போதும்.

பையைவிட முக்கியம், வாயைக் கட்டுவது. ‘ஆகா, செர்ரி வாசனை!’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், மற்றவர்களுக்கும் செர்ரி தவிர வேறெதுவும் மணக்காது. எல்லோரும் மதிப்பெண் எழுதி முடிக்கும்வரை பேச்சே கூடாது. விலையைச் சொல்வது கடைசியில். முடிந்ததும் வண்டிச் சாவியை மட்டும் யாரும் தொடாதீர்கள்.